150 மி.மீ. சிம்னி வாய்க்கு 100 மி.மீ. குழாய் போதுமா? காற்றுக்குழாய் தேர்வும் பொருத்துதலும் குறித்து ஆலோசனை தேவை

மேல்தளம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு இன்னும் பத்து நாட்களே உள்ளன. மூடிய பிறகு உள்ளே கை வைக்க வழியில்லை என்பதால், காற்றுக்குழாய் பற்றிய என் ஐயங்களை இப்போதே தீர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

சமையலறைச் சிம்னியின் வாய் 150 மி.மீ. விட்டம் கொண்டது. அங்கிருந்து வெளிச்சுவர் வரை ஏறக்குறைய 7 மீட்டர். வழியில் மூன்று வளைவுகள் வருகின்றன. இடையில் ஓர் உத்தரம் குறுக்கிடுகிறது. அதன் அடிப்புறத்துக்கும் சீலிங் சட்டத்துக்கும் நடுவே 90 மி.மீ. இடைவெளிதான் கிடைக்கும். இவை தவிர, சன்னல் இல்லாத குளியலறைகள் இரண்டு இருக்கின்றன. ஒன்றின் குழாய் 4 மீட்டர் படுக்கையாகச் சென்று வெளிச்சுவரை அடையும். மற்றொன்றின் குழாய், குளிரூட்டப்பட்ட படுக்கையறையின் சீலிங்குக்கு மேலாகச் சென்று, பிறகு செங்குத்தாக மேலேறி மொட்டைமாடியில் வெளிவரும்.

வேலையை எடுத்திருப்பவர், மூன்றுக்கும் 100 மி.மீ. அலுமினிய ஃபாயில் குழாயையே இழுத்துவிடலாம் என்றும், சிம்னி வாயில் ஒரு ரெட்யூசர் (பெரிய வாயைச் சிறிய குழாயோடு இணைக்கும் துண்டு) போட்டால் போதும் என்றும், சிம்னிக் குழாயையும் முதல் குளியலறைக் குழாயையும் ஒன்றாக இணைத்து ஒரே துளை வழியாக வெளியேற்றினால் சுவரை இரண்டு இடங்களில் உடைக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். 110 மி.மீ. அளவில் சுவரில் துளையும் போட்டுவிட்டார். சிம்னிப் பெட்டியில் மணிக்கு 900 கன மீட்டர் என்று அச்சிட்டிருப்பதால், அவ்வளவு வேகமாக இழுக்கும் இயந்திரத்துக்குக் குழாய் சற்றுச் சிறுத்தால் என்ன என்பது அவருடைய வாதம். எனக்கு மறுக்கவும் தெரியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, பி.வி.சி., ஃபாயில் ஆகிய மூன்றில் எதை எங்கே பயன்படுத்துவது என்பதையும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வரைபலகை:

வணக்கம். முதலில் அந்த 900 என்ற எண்ணைத் தள்ளி வைத்துவிடுங்கள். அது பெரும்பாலும் குழாயே மாட்டாமல், எதிர்ப்பு எதுவும் இல்லாத நிலையில் விசிறி தள்ளும் காற்றின் அளவு. குழாயும் வளைவும் வெளிமூடியும் சேர்ந்தவுடன் அது இறங்கிவிடும். எவ்வளவு இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் குழாய். ஆகவே, இழுக்கும் இயந்திரம் பெரியது என்பதால் குழாய் சிறுக்கலாம் என்ற வாதம் தலைகீழானது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் சிம்னி நடைமுறையில் மணிக்கு 500 கன மீட்டர் தள்ளவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 150 மி.மீ. குழாயில் காற்றின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர். அதே காற்றை 100 மி.மீ. குழாயில் செலுத்த வினாடிக்கு 18 மீட்டர் வேகம் தேவை. ஒரே அளவு காற்றுக்கு, உராய்வினால் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது என்பதால், விட்டத்தை மூன்றில் ஒரு பங்கு குறைக்கும்போது இழப்பு ஏழரை மடங்காகிவிடும். வழவழப்பான தகட்டுக் குழாயில் 7 மீட்டருக்கு 35 பாஸ்கல் அளவில் இருக்கவேண்டிய இழப்பு, 100 மி.மீ. குழாயில் 260 பாஸ்கலைத் தாண்டும். வளைவுகளும் வெளிவாயும் விழுங்குவது அதற்கு மேல். அவ்வளவு அழுத்தத்தை வீட்டுச் சிம்னியின் விசிறி தாங்காது. சத்தம் முழுவதும் இருக்கும், காற்று மட்டும் போகாது. சிம்னி வாய் 150 என்றால் வெளிச்சுவர் வரை 150 தான். இதில் பேரத்துக்கு இடமே இல்லை.

அடுத்து வளைவுகள். பலரும் நேர்க்குழாயின் நீளத்தை அளந்துவிட்டு வளைவுகளை எண்ணாமல் விடுகிறார்கள். வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில், உள்ளே மூலை கூர்மையாக மடிந்த 90 பாகை எல்போ ஒன்று 40 பாஸ்கலுக்கும் மேல் விழுங்கும். அதாவது உங்களுடைய 7 மீட்டர் நேர்க்குழாய் முழுவதும் விழுங்குவதைக் காட்டிலும் அதிகம். அதையே, நடுக்கோட்டின் ஆரம் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு இருக்கும்படி உருண்டையாக வளைத்த பெண்டாக மாற்றினால் இழப்பு 10 பாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். மூன்று வளைவுகளில் ஒன்றையாவது வழியை மாற்றித் தவிர்க்க முடியுமா என்று பாருங்கள். சிம்னியின் வாயிலேயே வளைவைத் தொடங்காமல், குறைந்தது இரண்டு மூன்று விட்ட அளவு நேர்க்குழாய் விட்டு அதன் பிறகு திருப்புவது நல்லது.

உத்தரத்துக்கு அடியில் 90 மி.மீ. தான் என்கிறீர்கள். அங்கே தட்டைக் குழாய் போடுங்கள்; ஆனால் பரப்பளவை மட்டும் ஒப்பிட்டு அளவைத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்து போவீர்கள். 235க்கு 75 மி.மீ. தட்டைக் குழாயின் பரப்பு, 150 மி.மீ. வட்டக் குழாயின் பரப்புக்குச் சமம், ஏறக்குறைய 177 சதுர செ.மீ. ஆனாலும் சுவர்ப்புறம் அதிகமாக இருப்பதால் உராய்வில் அது 140 மி.மீ. வட்டக் குழாய் போலவே நடந்துகொள்ளும், இழப்பு 1.4 மடங்கு. 300க்கு 75 என்ற அளவில் தகட்டில் அடித்து வாங்கினால் 150 மி.மீ. வட்டக் குழாய்க்கு இணையாகிவிடும், இடைவெளியிலும் அடங்கும். வட்டத்திலிருந்து தட்டைக்கு மாறும் துண்டு, திடீரென்று விரியாமல், குறைந்தது 300 மி.மீ. நீளத்தில் மெதுவாக விரியவேண்டும். உத்தரத்தைத் துளைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காத வரை சம்மதிக்காதீர்கள்.

குளியலறைகளுக்கு 100 மி.மீ. சரிதான். மணிக்கு 90 கன மீட்டர் என்றால் வேகம் வினாடிக்கு 3.2 மீட்டர்; நல்ல அளவு, சத்தமும் வராது. ஆனால் சுவரில் பொருத்தும் சாதாரணத் தட்டு விசிறி மிகக் குறைந்த அழுத்தத்தையே தரக்கூடியது. மாடிக்கு ஏறும் நீண்ட குழாய்க்கு, குழாயின் நடுவில் பொருத்தும் இன்லைன் விசிறி வாங்குங்கள். வாங்கும்போது பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல், அழுத்தத்துக்கும் காற்றளவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் வரைகோட்டைக் கேளுங்கள். அந்த வரைகோடு இல்லாத விசிறியை நான் தேர்ந்தெடுப்பதில்லை.

சிம்னிக் குழாயையும் குளியலறைக் குழாயையும் இணைக்கும் யோசனையை அடியோடு கைவிடுங்கள். சிம்னி ஓடி, குளியலறை விசிறி ஓடாத நேரத்தில், எண்ணெய்ப் புகை எளிதான வழியாகிய குளியலறைக்குள் இறங்கும். இடையில் போடும் தடுப்புத் தகடு நாளடைவில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, முழுவதும் மூடாத நிலைக்கு வந்துவிடும்.

தகரக்கத்தரி:

வரைபலகை ஐயா கணக்கைச் சொல்லிவிட்டார். நான் கைவேலையைப் பற்றிச் சொல்கிறேன். டக்ட், அதாவது காற்றுக்குழாய், அடிப்பதும் மாட்டுவதுமே என் தொழில்.

எந்தப் பொருள் எங்கே என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சமையலறைக்கு உலோகம் மட்டுமே: ஜி.ஐ. ஸ்பைரல் குழாய் அல்லது துருப்பிடிக்காத எஃகு. எண்ணெய் படிந்த குழாயில் தீப்பிடித்தால் பி.வி.சி. உருகிச் சொட்டும், நெருப்பு சீலிங்குக்குள் பரவிவிடும். குளியலறைக்கு பி.வி.சி. நன்றாகவே பொருந்தும்: துரு இல்லை, உட்புறம் வழவழப்பு, மூட்டுகளைப் பசை வைத்து நீர் கசியாமல் ஒட்டலாம். ஆனால் தீத்தடுப்புச் சுவரையோ தளத்தையோ குழாய் துளைத்துச் சென்றால் அதற்குரிய விதிகள் வேறு. அந்த இடத்தில் உங்கள் பகுதியின் கட்டட விதிகள் சொல்வதே முடிவு. ஃபாயில் குழாயை நான் விசிறிக்கும் குழாய்க்கும் இடையே அரை மீட்டர் இணைப்பாக மட்டும் அனுமதிப்பேன். அதிர்வு கடக்காமல் இருக்க அது உதவும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், ஒரு வீட்டில் புகையை இழுக்காத சிம்னியைப் பார்க்கச் சொல்லி அழைத்திருந்தார்கள். சீலிங் பலகையைக் கழற்றியதும், ஐந்து மீட்டர் தூரத்துக்கு எட்டு மீட்டர் ஃபாயில் குழாயை வெட்டாமல் அப்படியே திணித்திருந்தது தெரிந்தது. இரண்டு தொங்கல்களுக்கு நடுவே அது தூளிபோல் தொய்ந்து கிடந்தது. அடிமடிப்பில் விரலை வைத்து அழுத்தினால் உள்ளே பழுப்பு எண்ணெய் நகர்வது வெளியே தெரிந்தது. மூட்டில் சுற்றியிருந்த துணி டேப் பசை காய்ந்து, சுருள் சுருளாக உரிந்து சீலிங்கின் மேல் விழுந்திருந்தது. விசிறியில் ஒரு கோளாறும் இல்லை. முழுவதும் இழுத்துக் கட்டிய ஃபாயில் குழாய்கூட தகட்டுக் குழாயைப் போல் ஏறக்குறைய இருமடங்கு உராய்வு தரும். சுருங்கிக் கிடந்தால் அது பல மடங்காகும். தவிர்க்க முடியாமல் போட நேர்ந்தால், தேவையான நீளத்துக்கு வெட்டி, விறைப்பாக இழுத்து, ஒன்றேகால் மீட்டருக்கு ஒரு முறை அகலமான பட்டையால் தாங்குங்கள். கம்பியால் இறுக்கினால் அந்த இடத்தில் இடுப்பு ஒடுங்கிவிடும்.

ஆங்கிலத்தில் டக்ட் டேப் எனப்படும் இந்தத் துணி டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் 1998ஆம் ஆண்டில் காற்றுக்குழாய் மூட்டுகளை அடைக்கும் பொருட்களைச் சூடும் குளிரும் மாறி மாறித் தந்து சோதித்தபோது, மோசமாகத் தோற்றது இந்தத் துணி டேப்தான். பெயரில் டக்ட் இருந்தும் டக்டுக்கு ஆகாத பொருள் அது! மூட்டில் சீலன்ட் கூழைத் தூரிகையால் பூசி, அதன் மேல் அலுமினிய ஃபாயில் டேப்பைச் சுற்றுங்கள். டேப் ஒட்டுமுன் தகட்டின் எண்ணெயையும் தூசியையும் துணியால் துடைக்க மறக்காதீர்கள். பாதி டேப்புகள் உரிவது அந்த ஒரு நிமிடச் சோம்பலால்தான். சிம்னிக் குழாயில் நீளத் திருகாணி வேண்டாம்; உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் பிசுக்கு சேரும். சிறிய ரிவிட் போதும்.

இரண்டு குழாய்கள் சேருமிடத்தில், உள்ளே நுழையும் முனை காற்று போகும் திசையை நோக்கி இருக்கவேண்டும். அப்போது காற்று விளிம்பில் மோதாது. வெளிச்சுவரை நோக்கி, மீட்டருக்கு 10 முதல் 20 மி.மீ. வரை சரிவு கொடுங்கள்.

அந்த 110 மி.மீ. துளையைக் குளியலறைக்கு வைத்துக்கொண்டு, சிம்னிக்குத் தனியாக 160 மி.மீ. அளவில் கோர் கட்டர் கொண்டு புதிய துளை போடச் சொல்லுங்கள். அரை நாள் வேலை கூட இல்லை.

ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி இருக்கிறதா?

மேல்தளம்:

இருவருக்கும் மிக்க நன்றி. எரிவாயுக் கருவி இல்லை, மின்சாரத்தில் இயங்குவதுதான். அதை ஏன் கேட்டீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

உங்கள் பதில்களை வேலைக்காரரிடம் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார். எல்போ ஒன்று ஏழு மீட்டர் குழாய்க்கு மேல் விழுங்கும் என்ற வரியைப் படித்த பிறகு, இரண்டு முறை கேட்டுவிட்டு, உருண்டைப் பெண்ட் வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டார். மாடிக்கு ஏறும் குழாயில் ஓர் ஐயம் மிஞ்சுகிறது. உள்ளே நுழையும் முனை காற்றின் திசையை நோக்கி இருக்கவேண்டும் என்றால், செங்குத்துக் குழாயில் கீழ்க்குழாய் மேல்குழாய்க்குள் நுழையும். அப்படியானால் உள்ளே வழியும் நீர் மூட்டின் வழியே வெளியே வராதா?

ஈரமானி:

மிகச் சரியான ஐயம். தகரக்கத்தரி அவர்கள் சொன்ன விதி படுக்கைக் குழாய்க்குப் பொருந்தும். ஈரக்காற்று மேலேறும் செங்குத்துக் குழாயில் அதை அப்படியே பின்பற்றக்கூடாது என்பது என் கருத்து.

குளித்து முடித்தவுடன் அறைக்காற்று 28 பாகை வெப்பத்திலும் 90 சதவீத ஈரப்பதத்திலும் இருப்பதாகக் கொள்வோம். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 பாகை. படுக்கையறைக் குளிர் சீலிங்குக்கு மேலும் பரவி, குழாயின் சுவர் 24 பாகைக்கு இறங்கியிருந்தால், போகும் காற்று உட்சுவரில் வியர்க்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த இரவில் மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியிலும் இதே கதைதான். இந்த நீர் காற்றோடு மேலே போவதில்லை. சுவரோடு ஒட்டிக் கீழே வழிகிறது. ஆகவே செங்குத்துப் பகுதியில் மேல்குழாயின் முனை கீழ்க்குழாய்க்குள் இறங்கவேண்டும், கூரை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைப் போல. காற்று எதிர்விளிம்பில் மோதுமே என்றால், வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அந்த மோதலின் இழப்பு பொருட்படுத்தத் தக்கதன்று; சீலிங்கில் மஞ்சள் கறை படிவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வழிந்து வரும் நீர் விசிறியின் மோட்டாரில் போய் விழக்கூடாது. செங்குத்துக் குழாயின் அடியில் வளைவு போடுவதற்குப் பதிலாக டீ இணைப்பு வைத்து, அதன் கீழ்வாயை மூடி, அந்த மூடியிலிருந்து சிறிய வடிகுழாயைக் குளியலறைக் கழிவுநீர்ப் பாதைக்குக் கொண்டுபோங்கள்; முடிவில் நீர்ப்பொறி (நீர் தேங்கி நிற்கும் வளைவு) இருக்கட்டும், இல்லையென்றால் துர்நாற்றம் மேலே வரும். படுக்கையறைக்கு மேல் செல்லும் பகுதியை 25 மி.மீ. காப்புறையால் மூட்டுகள் உட்பட முழுவதும் போர்த்துங்கள். மூட்டைத் திறந்தபடி விட்டால் வியர்வை அங்கேதான் தொடங்கும்.

மாடியில் மழைமூடி போடும்போது, கொசுவலை போன்ற நெருக்கமான வலையைத் தவிர்க்கவும். ஈரத்தூசி ஒட்டி ஆறே மாதத்தில் அது அடைத்துக்கொள்ளும். பறவை நுழையாத அளவுக்குக் கண் அகன்ற கம்பிவலை போதுமானது.

தகரக்கத்தரி:

ஈரமானி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் பெரும்பாலும் படுக்கைக் குழாய் வேலை செய்பவன் என்பதால் பழக்கத்தில் எழுதிவிட்டேன். பி.வி.சி. குழாயாக இருந்து மூட்டைப் பசையால் ஒட்டினால் எந்தப் பக்கம் நுழைந்தாலும் கசியாது என்பது உண்மையே, எனினும் நீர் வழியும் திசையை மதிப்பதுதான் முறை.

எரிவாயுக் கருவியைக் கேட்டதற்குக் காரணம் இது. சிம்னி மணிக்கு 500 கன மீட்டர் காற்றை வெளியே தள்ளினால், அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். சன்னல்களை அடைத்து வைத்திருந்தால், அறையின் காற்றையே எடுத்து எரியும் கருவியின் புகைக்குழாய் வழியாக அது இறங்கி வரும்; கூடவே கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உங்களிடம் அக்கருவி இல்லை என்பதால் இங்கே ஆபத்தில்லை. ஆனாலும் சிம்னி ஓடும்போது ஒரு சன்னலைத் திறந்து வையுங்கள். அந்தக் காற்று வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் உள்ளே வர, ஏறக்குறைய 700 சதுர செ.மீ. திறப்பு தேவை.

மேல்தளம்:

வேலை முடிந்தது. சீலிங்கை மூடுவதற்கு முன் எல்லா விசிறிகளையும் ஓட்டிப் பார்த்தோம். சிம்னிக்கு 150 மி.மீ. ஸ்பைரல் குழாய், உத்தரத்தின் கீழ் 300க்கு 75 தட்டை, இரண்டு உருண்டைப் பெண்ட். மூன்றாவது வளைவு வழியை மாற்றியதில் தேவைப்படவில்லை. சன்னலைத் திறந்துவிட்டு, மூட்டுகள் ஒவ்வொன்றின் அருகிலும் ஊதுவத்தியைப் பிடித்துப் பார்த்தோம். தட்டைக்கு மாறும் துண்டின் ஒரு மூலையில் மட்டும் புகை வெளிப்புறமாக விலகி அலைந்தது; அங்கே மீண்டும் சீலன்ட் பூசியதும் நேராக எழுந்தது.

மாடிக்குப் போகும் குளியலறையில் மட்டும் ஒரு விந்தை. கதவு திறந்திருக்கும்போது, மெல்லிய காகிதத்தை விசிறியின் வாயில் வைத்தால் பச்சென்று ஒட்டிக்கொள்கிறது. கதவைச் சாத்தினால் சில நொடிகளில் நழுவி விழுகிறது. குழாயில் ஏதேனும் அடைப்பு இருக்குமா?

வரைபலகை:

குழாயில் அடைப்பில்லை, அடைப்பு கதவில் இருக்கிறது. கதவு திறந்திருக்கும்போது ஒட்டுகிறதென்றால் விசிறியும் பாதையும் நன்றாகவே இருக்கின்றன. சாத்தியவுடன் உள்ளே காற்று வர வழியில்லாமல் போய்விடுகிறது. 100 மி.மீ. குழாயின் வாய்ப்பரப்பு 78.5 சதுர செ.மீ. கதவின் அகலம் 700 மி.மீ. என்றால், அடியில் 12 மி.மீ. இடைவெளி விட்டாலே 84 சதுர செ.மீ. கிடைத்துவிடும். தச்சரை அழைத்துக் கதவின் அடியை இழைக்கச் சொல்லுங்கள்; கதவை அறுக்க மனமில்லையென்றால் அதே அளவு நிகரத் திறப்புள்ள காற்றுச்சட்டம் ஒன்றைக் கதவின் கீழ்ப்பகுதியில் பதிக்கலாம்.

இழைத்த பிறகு, வாசலில் போடும் மிதியடியைக் கதவை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.